கிரிப்ஸ் தூதைக் கவிழ்த்தது தனித்தந்திகளா, காங்கிரஸா? 1942 ஏப்ரல் 2 முதல் 10 வரை

செங்குன்றன்

போருக்குப் பின் டொமினியன் அந்தஸ்து, விரும்பாத மாகாணங்கள் விலகலாம், போர்க்காலத்தில் இந்தியத் தலைவர்களுக்கு அரசில் பங்கு என்ற திட்டத்தோடு பிரிட்டிஷ் அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் 1942-இல் டெல்லிக்கு வந்து பேசிய பேச்சு ஏன் முறிந்தது என்பதுதான் கேள்வி. 1942 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வைஸ்ராய் லின்லித்கோவுக்கு அனுப்பிய தந்தியிலிருந்து தொடங்குகிறேன். அதன் சாரம்: வதந்திகள் பரவிவிட்டன, அமெரிக்கர்களின் மனநிலையும் இப்படி இருக்கிறது, வெறுமனே மறுத்துக்கொண்டிருக்க முடியாது, நம் நோக்கம் நேர்மையானது என்று காட்ட கிரிப்ஸ் போயே ஆக வேண்டும், இந்தியக் கட்சிகள் மறுத்துவிட்டால் நம் நேர்மை உலகத்துக்கு நிரூபணமாகிவிடும். தூதர் புறப்படும் முன்பே தோல்வியிலும் லாபம் எழுதிவைத்த கணக்கு இது.

அடுத்து ஏப்ரல் 8. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதி லூயி ஜான்சன் தயாரித்த பாதுகாப்புத் துறைப் பங்கீட்டை (பாதுகாப்பு வேலைகளை இந்திய உறுப்பினருக்கும் பிரிட்டிஷ் தளபதிக்கும் பிரிக்கும் வரைவை) ஒட்டி காங்கிரஸ் நெருங்கி வந்துகொண்டிருந்தது. உடனே லின்லித்கோ லண்டனுக்குத் தனியாகப் புகார் அனுப்புகிறார். 9-ஆம் தேதி சர்ச்சில் கிரிப்ஸின் காலை வாருகிறார். 10-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. இதற்குப் பிறகும் "காங்கிரஸ்தான் கெடுத்தது" என்று எழுதுகிறவர்கள் கோப்பைத் திறந்தவர்களாகத் தெரியவில்லை.

நடுப்பக்கம்

நண்பரே, மார்ச் 10 தந்தியைப் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். அது யாருக்குப் போனது, எதற்குப் பதிலாகப் போனது? கிரிப்ஸ் கொண்டுவரவிருந்த அறிவிப்பின் வரைவைப் பார்த்த லின்லித்கோ பதவி விலகுவேன் என்று மிரட்டினார். சிங்கப்பூர் பிப்ரவரி 15-லும் ரங்கூன் மார்ச் 8-லும் விழுந்தாயிற்று. அந்த வாரத்தில் வைஸ்ராய் ராஜினாமா செய்தால் அரசின் மானம் போகும். கோபத்தில் இருக்கும் ஒரு பழமைவாதியைச் சமாதானப்படுத்த "இது அமெரிக்காவுக்காகச் செய்வது, பயப்படாதே" என்று சர்ச்சில் எழுதுவார்தான். இதே சர்ச்சில், தன் அமைச்சரவையில் இருந்த தொழிற்கட்சித் தலைவர் அட்லியிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டார். ஒரு தந்தி யாரைச் சாந்தப்படுத்த எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதை வாக்குமூலமாக்குவது வக்கீல் வேலை.

அதைவிட முக்கியமானது ஏப்ரல் 2. காங்கிரஸ் செயற்குழு அன்றே மறுப்புத் தீர்மானம் போட்டு கிரிப்ஸிடம் கொடுத்துவிட்டது. பேச்சு தொடர்ந்ததால் வெளியிடாமல் வைத்திருந்து 11-ஆம் தேதி வெளியிட்டார்கள். ஜான்சன் டெல்லிக்கு வந்ததே 3-ஆம் தேதி. அவருடைய பங்கீடு பிறக்கும் முன்பே மறுப்பு எழுத்தில் இருந்தது.

தந்திமரம்

சண்டைக்கு நடுவில் ஒரு வேலை நடக்க வேண்டியிருக்கிறது. இருவரும் தேதியை மட்டும் வைத்து வாதாடுகிறீர்கள். ஒன்பது நாளுக்குள் நடந்த விஷயத்துக்குத் தேதி போதாது, மணி வேண்டும்.

1970-லிருந்து 1983 வரை 12 தொகுதிகளாக பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அதிகார மாற்ற (Transfer of Power) ஆவணங்களில் முதல் தொகுதி முழுக்க கிரிப்ஸ் விவகாரம்தான். ஒவ்வொரு தந்தியின் தலைப்பையும் இப்படிப் படியுங்கள்.

முதலில் அனுப்பியவர், பெறுபவர். அங்கேயே "வைஸ்ராய் வழியாக" என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிரிப்ஸுக்குத் தனிக் கம்பி கிடையாது. அவருடைய போக்குவரத்து வைஸ்ராய் மாளிகையின் மறைகுறி (சைஃபர்) அலுவலகத்தைச் சார்ந்தது. ஆனால் லின்லித்கோ இந்தியா மந்திரி ஏமரிக்கு "தனிப்பட்டது" என்று போட்டு அனுப்பியவை கிரிப்ஸின் மேஜைக்கு வர வேண்டிய கட்டாயமில்லை. அங்கிருந்தே சமமற்ற ஆட்டம்.

அடுத்து, அனுப்பிய நேரம், கிடைத்த நேரம். அச்சில் இரண்டும் இருக்கும் தந்திகளை மட்டும் காரண காரியத்துக்குப் பயன்படுத்துங்கள். லண்டன் கடிகாரம் 1942 ஏப்ரல் 5 முதல் கிரீன்விச்சுக்கு 2 மணி முன்னால் ஓடியது, போர்க்கால இரட்டைக் கோடை நேரம். டெல்லிக் கடிகாரத்தையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இன்றைய வித்தியாசத்தை அப்படியே கழித்தால் "முந்தியது", "பிந்தியது" இரண்டும் தலைகீழாகும். கிடைத்த நேரத்தோடு மறைகுறி அவிழ்த்து, தட்டச்சு செய்து, ஆள் கையில் கொடுக்கும் நேரமும் சேர வேண்டும். "மிக அவசரம்" என்ற முத்திரை இருந்தாலும் அந்த வாரம் எல்லாருமே அந்த முத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்: 5-ஆம் தேதி கொழும்பு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் தேதி திருகோணமலை, ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

கடைசியாக, மறைகுறி கெட்டுப்போன இடங்கள். அச்சில் சதுர அடைப்புக்குள் குறித்திருப்பார்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போகும் வாக்கியத்தை மேற்கோளாக எடுக்காதீர்கள்.

விமான அஞ்சல் கடிதங்கள் வேறு ரகம். மத்தியதரைக் கடல் வழி அடைபட்டிருந்த காலத்தில் அவை போய்ச்சேர வாரக்கணக்காகும். லின்லித்கோ ஏமரிக்கு எழுதிய நீண்ட கடிதங்கள் மனநிலையைக் காட்டும். ஏப்ரல் 9-இல் நடந்த எதற்கும் அவை காரணமாக முடியாது.

செங்குன்றன்

மணிக்கணக்கு எனக்குச் சாதகம்தான், தந்திமரம்.

நடுப்பக்கம் சொல்லும் 2-ஆம் தேதித் தீர்மானத்துக்குப் பிறகும் கிரிப்ஸ் ஏன் ஒரு வாரம் பேசினார்? 4-ஆம் தேதி ஆசாத்தும் நேருவும் ஏன் தளபதி வேவலைப் பார்க்கப் போனார்கள்? பேரம் உயிரோடு இருந்தது. பேரத்தின் மையம் பாதுகாப்பு. 7-ஆம் தேதி, வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் இடம்பெறும் இந்தியப் பாதுகாப்பு உறுப்பினருக்குத் தருவதாகச் சொன்ன பட்டியலைப் பாருங்கள்: மக்கள் தொடர்பு, படைக்கலைப்பும் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பும், பெட்ரோலியம் வாங்கிச் சேமித்துப் பகிர்ந்து கொடுப்பது, கிழக்கு நாடுகளின் விநியோகக் குழுவில் இந்தியப் பிரதிநிதித்துவம், சிப்பாய்கள், அவர்கள் குடும்பங்களின் நலன், கேன்டீன்கள், லாரன்ஸ் பள்ளிகள் போன்ற சில கல்வி நிலையங்கள், ராணுவத்துக்கான எழுதுபொருள், அச்சு, படிவங்கள், வெளிநாட்டுத் தூதுக்குழுக்களுக்குத் தங்குமிடமும் விருந்தோம்பலும்.

ஜப்பான் குண்டு போட்ட மறுநாள், நாட்டின் பாதுகாப்பு என்று இதை நீட்டினார்கள். பெட்ரோல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தாசில்தார் கச்சேரியில் பார்க்கிற வேலை. ஜான்சன் செய்தது இதைத் திருப்பிப் போட்டது: பாதுகாப்பு உறுப்பினருக்கு எவையென்று பட்டியலிடாமல், போர் உறுப்பினர் என்ற முறையில் தளபதியிடம் எவை இருக்கும் என்று மட்டும் பட்டியலிடுவது, மிச்சமெல்லாம் இந்தியருக்கு. கைமாறும் அதிகாரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் மானம் காப்பாற்றப்படும். அதையும் உடைத்தார்கள்.

நடுப்பக்கம்

ஜான்சன் பங்கீட்டை வைஸ்ராய் பார்ப்பதற்கு முன்பே காங்கிரஸ்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே. சட்டப்படி பொறுப்பு யாருடையது? 1935 இந்திய அரசுச் சட்டத்தின் மத்திய அரசுப் பகுதி அமலுக்கு வரவேயில்லை. 9-ஆம் அட்டவணை வழியாகப் பழைய 1919 ஏற்பாடே ஓடியது. நாட்டின் பாதுகாப்பு, அமைதி, நலன் என்று கருதினால் வைஸ்ராய் தன் நிர்வாகக் கவுன்சில் பெரும்பான்மையைத் தள்ளிவிடலாம். அப்படிப்பட்டவரைக் கேட்காமல் அவருடைய தளபதியின் அதிகாரத்தைப் பங்குபோட்டுவிட்டு, அவர் லண்டனுக்குப் புகார் செய்தார் என்று குதிக்கலாமா? பாதுகாப்புப் பங்கீடு பற்றி வைஸ்ராய், தளபதி இருவர் கருத்தையும் தனித்தனியாக அனுப்பச் சொன்னது போர் அமைச்சரவையே. அதற்குப் பெயர் சதியா?

லின்லித்கோ மேல் எனக்குப் பெரிய அபிமானம் இல்லை. கிரிப்ஸ் வந்த புதிதில் கவுன்சிலுக்கான பெயர்ப் பட்டியல் ஒன்றை நீட்டியபோதே, அது என் வேலை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனிதர். ஆனால் அதைத் தன் குறிப்பிலும் எழுதிவைத்தார். கிரிப்ஸோ தேசிய அரசு, மந்திரிசபை என்று தாராளமாகப் பேசினார். கவுன்சில் முடிவை வைஸ்ராய் மன்னர் போல ஏற்பார் என்ற எண்ணம் ஆசாத்துக்கு வந்தது கிரிப்ஸ் பேச்சிலிருந்துதான். அந்தச் சொத்தை விற்கும் உரிமை அவரிடம் இல்லை.

வைகைக்கரை

ஒரு சின்னக் கேள்வி. ஜான்சன் பங்கீட்டை லண்டன் நிராகரித்ததால்தான் பேச்சு முறிந்தது என்றால், காங்கிரஸ் தலைவர் ஆசாத் 10-ஆம் தேதி எழுதிய கடிதம் ஏன் அதைவிட மந்திரிசபை அதிகாரத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிறது?

செங்குன்றன்

நல்ல கேள்வி. 9-ஆம் தேதி மாலை ஆசாத், நேருவுடன் நடந்த சந்திப்பில் கிரிப்ஸ் குரலே மாறிவிட்டது. கவுன்சில் முடிவை வைஸ்ராய் தள்ளாமலிருக்கும் மரபு பற்றி வைஸ்ராயோடு பேசிக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை பேசியதெல்லாம் என்னவானது? அதனால்தான் கடிதம் முழுக்க அந்தக் கோபம்.

தந்திமரம்

வைகைக்கரை கேள்விதான் முடிச்சு. "வைஸ்ராயின் அதிகாரத்தைக் குறைக்கும் எந்த மரபுக்கும் இடமில்லை" என்ற போர் அமைச்சரவை முடிவு 10-ஆம் தேதித் தந்தியில் இருக்கிறது. மாலைச் சந்திப்பு 9-ஆம் தேதி. ஆகவே அந்தத் தடையை அந்தச் சந்திப்புக்குக் காரணமாக்க முடியாது. செங்குன்றன் வழக்கு நிற்க வேண்டுமானால் 9-ஆம் தேதித் தந்திகளைக் கொண்டே நிற்க வேண்டும்.

அவற்றில் ஒன்று ஜான்சனைப் பற்றியது. ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய ஆலோசகர் ஹாப்கின்ஸ் 8-ஆம் தேதி லண்டன் வந்திருந்தார். ஜான்சன் இந்த அரசியல் விவகாரத்தில் ஜனாதிபதியின் பிரதிநிதி அல்ல, ஆயுத உற்பத்தி சம்பந்தமாகப் போனவர் என்று சர்ச்சில் அவரிடமிருந்து சொல் வாங்கிக்கொண்டு டெல்லிக்குத் தந்தி அடித்தார். அமெரிக்க மத்தியஸ்தம் என்ற கைத்தடி கிரிப்ஸிடமிருந்து பிடுங்கப்பட்டது. மற்றொன்று பங்கீட்டையும் "தேசிய அரசு" என்றால் என்ன என்பதையும் விளக்கச் சொல்லிக் கேட்டது. இவை போதுமா போதாதா என்று வாதாடுங்கள், நியாயம். 10-ஆம் தேதித் தந்தியை மட்டும் 9-ஆம் தேதிக்கு இழுத்துவராதீர்கள்.

செங்குன்றன்

போதும் என்கிறேன். விளக்கம் கேட்டதன் பொருளே சந்தேகம். வைஸ்ராய் மரபை ஏற்க மாட்டார், லண்டன் கிரிப்ஸை நம்பவில்லை, அமெரிக்கர் பின்வாங்கிவிட்டார். 9-ஆம் தேதி மாலை கிரிப்ஸ் கையில் கொடுக்க என்ன இருந்தது? ரூஸ்வெல்ட்டே விழித்துக்கொண்டு, கிரிப்ஸைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று ஹாப்கின்ஸ் வழியாகச் சர்ச்சிலுக்குச் சொல்லிப்பார்த்தார். செய்தி 12-ஆம் தேதி விடியுமுன் வந்தது. அன்றுதான் கிரிப்ஸ் புறப்பட்டுவிட்டார்.

வைகைக்கரை

அப்படியானால் ராஜாஜியை எங்கே வைப்பது? செயற்குழுவுக்குள்ளேயே ஏற்கலாம் என்றவர் அவர். மறைகுறித் தந்தி எதுவும் பார்க்காமலே, ஏப்ரல் 23-இல் சென்னை மாகாண காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியைக் கூட்டி, முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொண்டு தேசிய அரசு அமைக்கலாம் என்று தீர்மானம் போடவைத்தார். அலகாபாத் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அது 120-க்கு 15 என்று தோற்றது. 120 பேரையும் லின்லித்கோவா தந்தியடித்து மாற்றினார்?

நடுப்பக்கம்

அதைத்தான் நானும் கேட்கிறேன். அன்றைய காங்கிரஸின் கணக்கில் விழப்போகும் அரசோடு இப்போதே பங்குபோடும் அவசரம் இல்லை. மாகாணங்கள் விலகலாம் என்ற பிரிவு ஒன்றே பலருக்குத் தொண்டையில் முள். 2-ஆம் தேதித் தீர்மானத்தில் அதுவும் முதல் ஆட்சேபங்களில் ஒன்று.

தந்திமரம்

வைகைக்கரை, அந்த 120 பேர் வாக்களித்தது பேச்சு முறிந்து மூன்று வாரம் கழித்து, அதுவும் கிரிப்ஸ் திட்டத்தின் மீதல்ல, ராஜாஜியின் தீர்மானத்தின் மீது. ஏப்ரல் 8-இல் செயற்குழு என்ன செய்திருக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது. அதைத் தேட ஏப்ரல் 2 தீர்மானத்தையும் ஆசாத்தின் 10-ஆம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்த எந்த ஆட்சேபம் இரண்டாவதில் பின்னுக்குப் போகிறது, எது புதிதாக முன்னே வருகிறது என்று பத்தி பத்தியாகக் குறியுங்கள். மாகாண விலகல் இரண்டிலும் ஒரே அழுத்தத்தோடு இருந்தால் நடுப்பக்கம் பக்கம் வலு. மந்திரிசபை அதிகாரம் இரண்டாவதில் வீங்கி நின்றால், அந்த எட்டு நாளில் அவர்களுக்கு ஏதோ வாக்குறுதி கிடைத்துப் பறிபோயிருக்கிறது என்று பொருள். எனக்குத் தெரிந்தவரை வீங்கித்தான் நிற்கிறது.

நடுப்பக்கம்

வாக்குறுதி கிடைத்தது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கொடுத்தவர் கிரிப்ஸ், பறித்தவர் யார் என்பதில்தான் சண்டை. இல்லாததை எப்படிப் பறிப்பது?