எட்டு முழ வேட்டியில் ஒரு கிமோனோ: தைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலைத் தையல்காரி

தங்கை மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் ஜப்பான் சிறுமி வேடம், அதற்குக் கிமோனோ என்ற ஜப்பானிய நீள அங்கி வேண்டும். ஏழாம் வகுப்பு, உயரம் 140 செ.மீ. "பெரியம்மா, கடையில் வாடகைக்கு எடுத்தது வேண்டாம், நீங்களே தைத்துத் தாருங்கள்" என்று கேட்டாள். பதினெட்டு ஆண்டுகளாக ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறவள் நான். நைட்டி தைப்பது போலத்தான் இருக்கும் என்று எண்ணி, நாகர்கோவிலில் சாட்டின் துணி வாங்கி, கைக்குழியையும் கழுத்தையும் வளைத்து வெட்டித் தைத்துவிட்டேன். பிள்ளை உடுத்தியபோது தோளில் இறுகியது, காலடியில் குடைபோல் விரிந்தது. அன்று இரவே தையலைப் பிரித்தேன். அந்த உடையை ஜப்பானில் எப்படித்தான் வெட்டுகிறார்கள் என்று முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

கிமோனோவுக்கான துணியை ஏறத்தாழ 36 முதல் 38 செ.மீ. அகலத்தில், 12 மீட்டர் நீளச் சுருளாக நெய்கிறார்கள். ஒரு சுருள், ஓர் உடை. வளைத்து வெட்டும் வேலையே கிடையாது. உடலுக்கு இரண்டு நீளப் பட்டை. அவை முன் காலடியிலிருந்து தோள் வழியாகப் பின் காலடி வரை ஒரே துண்டாக ஓடுகின்றன, தோளில் தையல் இல்லை. கைகளுக்கு இரண்டு. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு ஒடுக்கமான இரண்டு. பிறகு கழுத்துப்பட்டை. கழுத்துக்குக்கூட நேராக ஒரு கீறல்தான். அங்கிருந்து ஒரு துண்டும் வெளியேறுவதில்லை. கையின் கீழ்மூலை வளைவாகத் தெரிவது, நூலால் சுருக்கி உள்ளே மடிப்பதால் வருகிறது. முன்பக்கம் சாய்வாக மிஞ்சும் துணியும் கழுத்துப்பட்டைக்குள் போய்விடுகிறது. முன்பெல்லாம் துவைப்பதற்குத் தையலைப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் ஒரே சுருளாக்குவார்களாம். இதைப் படித்தபோது, தினமும் என் மேசைக்கு அடியில் குவியும் வெட்டுத் துணிகளை நினைத்து மனம் கனத்தது.

அத்தனை ஒடுக்கமான துணிக்கு எங்கே போவது? அப்போதுதான் வடசேரிக் கைத்தறி நினைவுக்கு வந்தது. மெல்லிய கரை போட்ட எட்டு முழ வேட்டி ஒன்று வாங்கினேன்: 3.60 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். இரவு முழுவதும் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்தேன். இதைச் செய்யாவிட்டால் தைத்தபின் சுருங்கும். வெள்ளையாகவே விட மனம் வரவில்லை, நீலச் சாயம் ஏற்றினேன். ஜப்பானியர் கோடையில் உடுத்தும் பருத்தி யுகாட்டாவுக்கு நீலமும் வெள்ளையும் பழகிய நிறங்கள். காய்ந்ததும் கத்தரி போடாமல் நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தேன். கிழித்தால்தான் இழை நேராக வரும். ஊறியதில் துணி நீளத்திலும் அகலத்திலும் சற்றுச் சுருங்கியிருந்தது, ஒவ்வொரு பட்டையும் 41 செ.மீ.

கரையுள்ள இரண்டு பட்டைகள் உடலுக்கு. நடுப்பட்டையில் கைக்கு ஒரு மீட்டராக இரண்டு துண்டுகள் போக, ஒன்றரை மீட்டர் மிஞ்சியது. அதை நீளவாக்கில் 14, 14, 13 செ.மீ. என்று பிரித்தேன். முன் துண்டுகள் இரண்டும் கழுத்துப்பட்டையும் கிடைத்துவிட்டன. கையில் ஒரு முழத் துணிகூட மிஞ்சவில்லை.

உடலின் நீளம் அவளுக்கு அதிகம்தான். வெட்டவில்லை, பாதியை இடுப்பிலும் பாதியை அடிக்கரையிலும் மடித்து ஓட்டுத்தையல் போட்டேன். அகலத்தில் கூடியது பக்கத் தையலுக்குள் போனது. நம் அம்மாமார் பட்டுப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடுவார்களே, ஜப்பானிலும் குழந்தைகளின் கிமோனோவுக்குத் தோளிலும் இடுப்பிலும் அப்படியே மடிப்பு வைக்கிறார்கள். அதை அறிந்த நாளில் எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

குளச்சல் கடலோடி

அக்கா, அருமையாகத் தைத்திருக்கிறீர்கள். தைப்பவர்களிடம் நான் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் யோகோஹாமாவில் இறங்கியிருக்கிறேன். கிமோனோவில் ஆணானாலும் பெண்ணானாலும், உடுத்துபவரின் இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது இறந்தவர்களுக்கு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கடற்கரையில் ஒரு கலைநிகழ்ச்சி. மூன்று பிள்ளைகள் ஜப்பான் நடனத்துக்கு நின்றார்கள். மூவருக்குமே வலப்பக்கம் மேலே. உடுத்திவிட்ட தாயிடம் போய்ச் சொன்னேன். "பெண்பிள்ளைகளின் சட்டைக்கு வலப்பக்கம்தானே அண்ணே மேலே வரும், அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன்" என்றார். காரணம் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கோடித் துணியைப் போர்த்தி ஒரு பிள்ளையை நாம் மேடைக்கு அனுப்புவோமா? திரைக்குப் பின்னால் நின்று மூன்று பேருக்கும் கச்சையை அவிழ்த்து மாற்றிக் கட்டினார். நிகழ்ச்சி பத்து நிமிடம் தாமதமானது, அது பெரிதில்லை.

அடையாளம் எளிது: எதிரே நின்று பார்த்தால் கழுத்துப்பட்டை ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஒய்' போலத் தெரியவேண்டும்.

கருங்கல் அம்மா

நான் தைத்தது ஒன்றுதான், அதிலும் கச்சையில்தான் பாடுபட்டேன். ஊக்கு குத்தினேன், பிள்ளை குனிந்ததும் எல்லாம் நெகிழ்ந்துவிட்டது. உள்ளே இரண்டு பருத்தி நாடாவை இறுக்கிக் கட்டினால் அங்கி அசையாது, மேலே வரும் கச்சை பார்வைக்குத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிழிந்த சேலையில் நல்ல கரைப்பக்கமாக 34 செ.மீ. அகலம் எடுத்து இரண்டாக மடித்துத் தைத்தேன். சேலையின் நீளம் முழுவதும் வேண்டியதில்லை, நாலு மீட்டர் தாராளம்.

என் மகனும் இப்போது கேட்கிறான். ஆண்பிள்ளைக்கு என்ன மாற்றம், அக்கா?

தக்கலைத் தையல்காரி

தம்பி, இடவல விஷயத்தை உங்களிடமிருந்துதான் அறிந்தேன். நல்லவேளை, எங்கள் விழா அடுத்த வாரம்தான்.

கருங்கல் அம்மாவுக்கு: வளர்ந்த ஆண்களின் உடையில் இடுப்பு மடிப்பு கிடையாது, நீளம் கணுக்காலோடு நிற்கும். சிறுவர்களுக்கு மட்டும், நான் முன்பு சொன்ன வளர்ச்சி மடிப்பு உண்டு. பெண் உடையில் அக்குளுக்குக் கீழே திறப்பு விடுவோம், கையும் மேற்பகுதியில் மட்டும்தான் உடலோடு சேரும். வளர்ந்த ஆண்களுக்கு அந்தத் திறப்பு இல்லை. சிறுவர்களுக்கு விடுவது உண்டு. கச்சை ஒடுக்கமாக, வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கவேண்டும். மகனின் உயரத்தையும், ஒரு கை மணிக்கட்டிலிருந்து தோள் வழியாகப் பின்கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பு வரையுள்ள அளவையும் எழுதுங்கள். நாலு முழ வேட்டி இரண்டில் முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.