5 வோல்ட்ல ஓடுது, 3.3க்கு மாத்துனா செத்துடுது, ஹெல்ப் ப்ளீஸ்

கேள்வி: ஏடிமெகா 328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பு, கிளாக்குக்கு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ப்ரெட்போர்டு. எல்சிடிக்கு 5 வேணும், எஸ்டி கார்டு மாட்டுறப்ப 3.3 வேணும்னு ஒரு ஸ்லைடு சுவிட்ச் வச்சு விசிசிய (சிப்புக்குப் போற சப்ளைய) மாத்துறேன். 3.3க்கு தள்ளுனா பவர் எல்இடி எரியுது ஆனா ப்ளிங்க் (எல்இடி மினுக்குற டெஸ்ட் ப்ரோக்ராம்) கூட ஓடல, திருப்பி 5க்கு தள்ளுனா முதல்ல இருந்து ஆரம்பிக்குது. ரெகுலேட்டர் மாத்தியும் பாத்தாச்சு.

பதில் 1: சுவிட்ச் நடுவுல வரும்போது ரெண்டு பக்கமும் தொடாது, அந்த கேப்ல சப்ளை விழுந்துடும். பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க.

கேட்டவர்: 470 மைக்ரோஃபாரட் போட்டேன் அண்ணா, அதே கதை. 3.3லயே வச்சு ஆன் பண்ணாலும் உயிர் இல்ல. ரீசெட் பின்ல மீட்டர் 3.28 காட்டுது, அப்ப ரீசெட் ஆகலதானே?

பதில் 2: அங்கதான் ஏமாந்துட்டீங்க. பிரவுன் அவுட் ரீசெட் (சப்ளை குறைஞ்சா சிப்ப நிறுத்தி வைக்கிறது) சிப்புக்கு உள்ளயே நடக்கும், வெளிய பின்ன இழுக்காது. எக்ஸ்டெண்டட் ஃப்யூஸ் (எத்தன வோல்ட்டுக்குக் கீழ நிறுத்தணும்னு சொல்ற சிப்பு செட்டிங்) என்ன வச்சிருக்கீங்க?

கேட்டவர்: எஃப்சி. பழைய ப்ராஜெக்ட் கமாண்ட அப்படியே காப்பி அடிச்சேன் 🙈

பதில் 2: அது 4.3 வோல்ட், அதுக்குக் கீழ போனா சிப்பு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. எஃப்டி எழுதுங்க, 2.7 ஆயிடும். ஆனா ஓடிருச்சுன்னு விட்டுடாதீங்க, டேட்டாஷீட் படி 2.7 வோல்ட்ல அதிகபட்சம் 10 மெகாஹெர்ட்ஸ், 4.5ல 20, நடுவுல நேர்கோடு, 3.3க்கு 13 சொச்சம்தான் வரும். 8 கிரிஸ்டல் போடுங்க, கோட்ல கிளாக் வேகத்தையும் மாத்துங்க, இல்லன்னா சீரியல்ல குப்பையா வரும்.

பதில் 1: நான் 16ஐ 3.3ல வருஷக்கணக்கா ஓட்டுறேனே, ஒண்ணும் ஆகல.

பதில் 2: மேசை மேல ஓடுறது வேற, வெயில்ல மூடுன டப்பாக்குள்ள ஓடுறது வேற. அதவிட கார்டு உள்ள இருக்கும்போது கைதவறி 5க்கு தள்ளுனா கார்டு காலி, அந்த சுவிட்சே வேணாம்ங்க. சிப்பு எப்பவும் 3.3ல இருக்கட்டும், எல்சிடிக்கு மட்டும் 5 குடுங்க, சாதா 16க்கு 2 எல்சிடி 3.3 சிக்னல படிச்சுக்கும். எல்சிடியோட ஆர்டபிள்யூ (படிக்கவா எழுதவான்னு சொல்ற) பின்ன மட்டும் கிரவுண்டுல கட்டிருங்க, இல்லன்னா எல்சிடி 5 வோல்ட்ட சிப்புக்குத் திருப்பித் தள்ளும்.

கேட்டவர்: ஓடுது!! சுவிட்ச புடுங்கிட்டேன். ஆனா 27 டிகிரி காட்டிட்டிருந்த எல்எம்35 டெம்பரேச்சர் சென்சார் இப்ப 41 காட்டுது, அதுக்கு இன்னும் 5 வோல்ட்தான் போகுது.

பதில் 2: சென்சார் மேல தப்பில்ல, ஏடிசி (சென்சார் வோல்ட்ட நம்பரா மாத்துற பகுதி) ஒப்பிட்டுப் பாக்குற ரெஃபரன்ஸ் வோல்ட் இப்ப 3.3. ஃபார்முலால 5ன்னு இருக்கும் பாருங்க.

கேட்டவர்: ஆமா 😅 மாத்திட்டேன், 27.