புதுப்பிப்பு: துறைமுகத்தில் நின்ற முருங்கைப் பொடி

துபாய்க்கு அனுப்பவிருந்த 40 பெட்டி முருங்கை இலைப் பொடிக்குத் தூத்துக்குடியில் ஷிப்பிங் பில் எனும் சுங்க ஏற்றுமதி ஆவணத்தைத் தாக்கல் செய்ய முடியவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தவறு என்னுடையதே. ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டை 500 ரூபாய் கட்டி ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்தேன். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும், தவறினால் முடக்கிவிடுவார்கள் என்பதைச் சுங்க முகவர் சொல்லித்தான் அறிந்தேன். உறுதிசெய்ததும் குறியீடு மீண்டும் செயல்பட்டது.

காத்திருந்த நாள்களில், பொட்டலங்களில் அரபு மொழி விவரச்சீட்டு இல்லாததும் கண்ணில் பட்டது. பெட்டிகளைப் பிரித்துத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். 2022 மே 1 முதல் நடப்பிலுள்ள இந்திய அமீரக வர்த்தக ஒப்பந்தத்தின் தீர்வைச் சலுகையைக் கோருவதற்காக, சரக்கு இந்தியாவைச் சேர்ந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழையும் இம்முறை மறவாமல் வாங்கிவிட்டேன். சரக்கு நேற்று கப்பலேறியது.