வெக்டர் படம்: வளைவுகள் முண்டும் முடிச்சுமாக வருவது ஏன்?

பச்சைத்தாள் கேட்டது:

வணக்கம். இங்க்ஸ்கேப் 1.3 என்ற வரைகலை மென்பொருளில் வெக்டர் இல்லஸ்ட்ரேஷன் (பிக்சல்களாக இல்லாமல் கோடும் வளைவுமாகப் பதிவாகும் படம்) பழகுகிறேன். வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் கிளியின் புகைப்படத்தை அடியில் வைத்து, பென்சில் டூலால் மவுஸிலேயே சுற்றி வரைந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கிளிதான். பெரிதாக்கினால் முதுகுக்கோடு முழுக்க மேடும் பள்ளமும். உடம்பின் வெளிக்கோட்டில் மட்டும் 160 நோடுகள் (கோட்டைத் தாங்கும் புள்ளிகள்) இருப்பதாகக் கீழே காட்டுகிறது. சிம்ப்ளிஃபை கொடுத்தால் நோடுகள் குறைகின்றன, ஆனால் அலகின் கூர் மழுங்கிவிடுகிறது.

இன்னும் சில சந்தேகங்கள். இறக்கைக்கு ஃபில் (உள்நிறம்) கொடுத்தால் வளைவோடு நிற்காமல் குறுக்கே நேர்க்கோடாக வெட்டிக்கொண்டு நிற்கிறது. உடம்பும் இறக்கையும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக்கோடு தெரிகிறது. இரண்டையும் ஸ்னாப் செய்து துல்லியமாக ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் பென் டேப்லெட் வாங்கியே ஆக வேண்டுமா? அல்லது புகைப்படத்தைத் தானாகவே வெக்டராக்கும் ட்ரேஸ் பிட்மேப்பில் விட்டுவிட்டு அங்கிருந்து திருத்துவது நல்லதா?

வளைகோடு எழுதியது:

160 நோடுகள் என்று எழுதியிருக்கிறீர்களே, முண்டுக்குக் காரணம் அதுதான். பென்சில் டூல் கை போன போக்கையெல்லாம் பதிவு செய்யும். சின்ன அசைவுக்கும் ஒரு நோடு போட்டுவிடும். ஒரு நோடின் இரண்டு பக்க ஹேண்டில்களும் (வளைவு எந்தத் திசையில், எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பிடிகள்) ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் இம்மியளவு திரும்பியிருந்தாலும் அந்த இடம் துருத்திக்கொண்டு தெரியும். முதுகில் மட்டும் முப்பது நாற்பது நோடுகள் இருக்கும்போது அத்தனையையும் ஒத்துப்போக வைப்பது ஆகாத காரியம். இந்தக் கோட்டைச் செப்பனிடாதீர்கள். நோடுகளை ஒவ்வொன்றாக நாமே வைக்கும் பென் டூலில் புதிதாகப் போடுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் வரைந்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து அதை நோடுகளால் ஆன கோடாக (பாத்) மாற்றிவிட்டு, நோடு டூலால் அதைத் தொடுங்கள். முழு வட்டத்துக்கும் 4 நோடுகள்தான்: உச்சியில், அடியில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில். உச்சியிலும் அடியிலும் ஹேண்டில்கள் கிடையாகவும், ஓரங்களில் செங்குத்தாகவும் இருக்கும். ஒவ்வொரு ஹேண்டிலின் நீளமும் ஆரத்தில் சுமார் 0.552 பங்கு. ஆரம் 100 மி.மீ. என்றால் ஹேண்டில் ஏறக்குறைய 55.2 மி.மீ. இந்த நான்கு நோடுகளில் வரும் உருவம் அசல் வட்டத்திலிருந்து ஆரத்தில் 0.03 சதவீதம்கூட விலகாது. கால் வட்டத்துக்கு இரண்டு முனை நோடுகளே போதும் என்றால் கிளியின் முதுகுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நோடு வைக்க வேண்டிய இடங்கள் மூன்றே வகை. வளைவு மிக உயரத்துக்கோ தாழ்வுக்கோ, இடது வலது ஓரத்துக்கோ போய்த் திரும்பும் இடம் ஒன்று. கூர்மையான மூலை இன்னொன்று. குழிவாகப் போகும் கோடு குவிவாக மாறும் இடம் மூன்றாவது. இதற்கு நடுவே நோடு வைக்கத் தோன்றினால், பெரும்பாலும் பக்கத்து ஹேண்டிலின் நீளம் சரியில்லை என்றுதான் பொருள். அடுத்த நோடு வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஹேண்டில் என்று தொடங்கி, பிறகு கூட்டிக் குறையுங்கள். அடுத்த நோடையே தாண்டும் அளவுக்கு ஹேண்டில் நீண்டால் கோடு நொடித்துக்கொள்ளும்.

மேல் அலகை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4 நோடுகள். பென் டூலை எடுத்து, நெற்றியும் அலகும் சேரும் இடத்தில் இழுக்காமல் ஒரு கிளிக் மட்டும் செய்யுங்கள், அது மூலை. அடுத்து அலகு வலப்பக்கம் அதிகமாகத் துருத்தும் புள்ளியில் அழுத்தி, விடாமல் கீழ்நோக்கி இழுங்கள். இழுக்கும்போது கன்ட்ரோலைப் பிடித்தால் கோணம் 15 பாகைக் கணக்கில் ஒட்டும், ஹேண்டில் நேர் செங்குத்தாக நிற்கும். மூன்றாவது அலகின் கூர்: மறுபடி வெறும் கிளிக். நான்காவது வாய் மூலை, அங்கும் வெறும் கிளிக். பிறகு முதல் நோடின் மேலேயே கிளிக் செய்து மூடிவிடுங்கள். இப்போது உருவம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், அது பரவாயில்லை. நோடு டூலுக்கு மாறி, நோடுகளைத் தொடாமல் கூருக்கும் வாய் மூலைக்கும் நடுவிலுள்ள கோட்டையே பிடித்து உள்ளே தள்ளுங்கள். ஹேண்டில்கள் தாமாக வெளியே வரும், அலகின் உள்வளைவு கிடைத்துவிடும். நெற்றியிலிருந்து இறங்கும் கோட்டையும் அப்படியே வெளியே இழுத்து உப்ப வையுங்கள். எந்த நோடாவது தவறான வகையில் இருந்தால் ஷிஃப்ட் + சி கூர்மையாக்கும், ஷிஃப்ட் + எஸ் வழுவழுப்பாக்கும்.

சிம்ப்ளிஃபைக்கு அலகின் கூர் எது, கை நடுங்கிய இடம் எது என்று தெரியாது. அனுமதித்த அளவுக்குள் எந்த விலகலையும் அது தேய்த்துவிடும். அடுத்தடுத்து வேகமாகக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கடுமையாகத் தேய்க்கும், அதையும் கவனியுங்கள்.

மைத்துளி எழுதியது:

ஃபில் விஷயம் சின்னது. உங்க இறக்கை மூடாத பாத். மூடாத பாத்துக்கு ஃபில் கொடுத்தா, ஆரம்ப நோடையும் கடைசி நோடையும் ஒரு நேர்க்கோட்டால இணைச்ச மாதிரி பாவிச்சுத்தான் நிரப்பும். அந்தக் குறுக்கு வெட்டு அதுதான். நோடு டூல்ல ரெண்டு முனையையும் தேர்வு செஞ்சு ஷிஃப்ட் + ஜே கொடுங்க. அப்பவும் சேரலைன்னா அது ரெண்டு தனித்தனி பாத்தா இருக்கும். முதல்ல கன்ட்ரோல் + கே கொடுத்து ஒரே பாத்தாக்கிட்டு அப்புறம் இணைங்க.

வெள்ளைக்கோட்டுக்கு வர்றேன், இதைத்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. நீங்க துல்லியமா ஒட்டி வெச்சதாலதான் அது வருது. ரெண்டு உருவத்துக்கும் பொதுவான விளிம்பு ஒரு பிக்சலோட நடுவுல போகுதுன்னு வெச்சுக்கங்க. உடம்பு அந்தப் பிக்சல்ல பாதியை மறைக்குது, அதனால பின்னணி வெள்ளை 50 சதவீதம் மிச்சம். அதுக்கு மேல இறக்கை மறு பாதியை மறைக்குது. ஆனா மென்பொருள் அதை 50 சதவீதம் ஒளிபுகும் நிறமாத்தான் பூசும். மிச்சமிருந்த 50-ல பாதி போக, 25 சதவீதம் வெள்ளை அப்படியே நிக்கும். அதுதான் உங்க மயிரிழை. இங்க்ஸ்கேப்னு இல்ல, விளிம்பை மென்மையாக்கிக் காட்டுற எந்த வெக்டர் மென்பொருளிலும், பிரவுசரிலும், பிடிஎஃப் காட்டுற செயலியிலும் இது வரும்.

தீர்வு: ஒட்டாதீங்க, மேல ஏத்துங்க. உடம்பை இறக்கைக்கு அடியிலயும் தொடர்ந்து போற முழு உருவமா வரைஞ்சு, இறக்கையை அதுக்கு மேல வெச்சுடுங்க. அப்ப விளிம்புல கலக்குறது வெள்ளையில்ல, உடம்போட பச்சை. கண்ணுக்கே தெரியாது. படத்தை முதல்லயிருந்தே இப்படி யோசிக்கணும்: எது அடியில, எது மேல. வால் பின்னால, உடம்பு, கால், இறக்கை, தலை, அலகு, கண்ணுன்னு அடுக்கு போட்டுக்கிட்டா அடியில மறையுற பகுதியை எவ்வளவு அலட்சியமா வேணும்னாலும் வரையலாம். வெளியே தெரியுற விளிம்புக்கு மட்டும்தான் உழைப்பு.

வால்ல பட்டை போடணும்னாலும் இதே கதைதான். பட்டைகளை வாலோட விளிம்பைத் தாண்டி நீட்டி வரைஞ்சு குரூப் பண்ணுங்க. வாலை கன்ட்ரோல் + டி கொடுத்து நகல் எடுத்து, ஹோம் கீயால எல்லாத்துக்கும் மேல கொண்டுவாங்க. நகலையும் பட்டைக் குரூப்பையும் சேர்த்துத் தேர்வு செஞ்சு ஆப்ஜெக்ட் மெனுவுல கிளிப் கொடுங்க. மேல இருக்குற உருவம்தான் கத்தரிக்கோலா மாறும். வரிசை மாறிப்போனா பட்டையே வாலை வெட்டிடும்.

உருவங்களைத் துண்டாக்கிச் சேர்க்கிற, 1.3-ல வந்த ஷேப் பில்டர் டூல் வசதியானதுதான். ஆனா அது வெட்டித் தர்ற துண்டுகள் விளிம்போட விளிம்பு ஒட்டின துண்டுகள், அதனால வெள்ளைக்கோடு மறுபடி வரும். லோகோ மாதிரி ஒரே நிற உருவத்துக்கு அதை வெச்சுக்கங்க.

நேர்த்தி எழுதியது:

டேப்லெட் கேள்விக்கு: பென் டூலில் வரைய மவுஸே போதும், நோடை இடத்தில் வைப்பதில் அது இன்னும் நிதானமானதும்கூட. தூரிகை போலத் தடித்து மெலியும் கோடுகளைக் கையால் போட வேண்டும் என்றால் மட்டுமே அழுத்தம் உணரும் பேனா உதவும். அந்தத் தோற்றமும் மவுஸில் ஓரளவு கிடைக்கும்: பென் டூலின் மேல்பட்டையில் ஷேப் என்ற பெட்டியில் எலிப்ஸ் அல்லது ட்ரையாங்கிள் தேர்ந்தெடுத்து வரையுங்கள். எலிப்ஸில் கோடு நடுவில் தடித்து இரு முனையிலும் மெலியும். இறகு ரேகைகளுக்கு அருமையாக இருக்கும்.

ட்ரேஸ் பிட்மேப் வேண்டாம். புகைப்படத்திலிருந்து அது எடுப்பது நிறத் திட்டுகளின் எல்லைகளை. நிழல் விழுந்த இடத்தில் உடம்பு பாதியாகப் பிளந்திருக்கும், பின்னணியும் இறக்கையும் ஒரே திட்டாகியிருக்கும். அதைத் திருத்தும் நேரத்தில் இரண்டு கிளி வரையலாம். மையில் போட்ட கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படத்துக்கு அது நல்ல கருவி, அவ்வளவுதான். புகைப்படத்தைத் தனி லேயரில் போட்டு, மங்கலாகத் தெரிய ஒப்பாசிட்டியை 30 அல்லது 40 சதவீதத்துக்குக் குறைத்து, லேயரைப் பூட்டிவிட்டு மேலே வரையுங்கள்.

பச்சைத்தாள் கேட்டது:

மிக்க நன்றி. அலகு 4 நோடுகளில் வந்துவிட்டது, வெள்ளைக்கோடும் போய்விட்டது. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்குச் சாய்ந்த நீள்வட்டம் வைத்து, இரண்டையும் ஒரே உருவமாக்கும் யூனியன் கொடுத்தேன். கழுத்தில் இரண்டும் சேரும் இடம் வெடுக்கென்று மடிந்து நிற்கிறது. அந்த நோடை ஷிஃப்ட் + எஸ் கொடுத்து வழுவழுப்பாக்கினால் கழுத்தே ஒரு பக்கம் வீங்கிக்கொள்கிறது. இன்னொன்று: படம் முழுவதையும் சிறிதாக்கினால் கண்ணைச் சுற்றியுள்ள கோடு மட்டும் அதே தடிமனில் நின்று கண்ணையே மறைக்கிறது.

நேர்த்தி எழுதியது:

யூனியன் இரண்டு உருவங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஒரு மூலை நோடைப் போடும். அங்கே தலையின் கோடு ஒரு திசையில் வந்து நிற்கிறது, உடம்பின் கோடு வேறொரு திசையில் கிளம்புகிறது. ஷிஃப்ட் + எஸ் அந்த இரண்டு ஹேண்டில்களையும் பலவந்தமாக ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவதால்தான் வீக்கம்.

மூலையை வளைக்கப் பார்க்காதீர்கள், அதை எடுத்துவிடுங்கள். நோடு டூலில், கழுத்து மூலைக்குச் சற்று மேலே தலையின் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்து ஒரு நோடு சேருங்கள். சற்றுக் கீழே உடம்பின் கோட்டில் இன்னொன்று. இப்படிச் சேர்க்கும் நோடு உருவத்தை மாற்றாது, அதன் ஹேண்டில்கள் அந்த இடத்தில் கோடு போகும் திசையிலேயே அமைந்திருக்கும். இப்போது நடுவிலுள்ள மூலை நோடை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + டெலிட் கொடுங்கள். வெறும் டெலிட் பழைய உருவத்தைக் காப்பாற்ற முயன்று ஹேண்டில்களை நீட்டிவிடும். கன்ட்ரோலோடு சேர்த்தால் அவற்றைத் தொடாது. தலையிலிருந்து வரும் திசையும் உடம்புக்குப் போகும் திசையும் அப்படியே இருக்க, நடுவில் ஒரே வளைவு ஓடும். சேர்த்த இரண்டு நோடுகளும் மூலைக்கு எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு இளக்கமாகக் கழுத்து வளையும். தொண்டைப் பக்கம் நெருக்கமாகவும் பிடரிப் பக்கம் தள்ளியும் வைத்தால் கிளிக்குப் பொருந்தும்.

கண்கோட்டுக்கு: தேர்வு டூல் கையில் இருக்கும்போது மேல்பட்டையின் வலது பக்கம் நான்கு சிறு பொத்தான்கள் இருக்கும். முதலாவது, உருவத்தைச் சிறிதாக்கும்போது ஸ்ட்ரோக்கும் (கோட்டின் தடிமனும்) சேர்ந்து சுருங்க வேண்டுமா என்பது. அதை அழுத்திவிட்டுச் சிறிதாக்குங்கள். முடித்த படத்தை வேறு யாருக்காவது கொடுப்பதென்றால் ஒரு நகலில் பாத் மெனுவின் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்துவிடுங்கள். கோடும் நிரப்பிய உருவமாகிவிடும், எந்த மென்பொருளில் திறந்து அளவை மாற்றினாலும் விகிதம் குலையாது. அசல் கோப்பில் கொடுக்காதீர்கள், பிறகு தடிமனை மாற்ற முடியாது.

கை பழக ஒரு பயிற்சி: ‘ழ’ என்று ஒற்றை எழுத்தைப் பக்கம் நிறையப் பெரிதாகத் தட்டி, மங்கலாக்கிப் பூட்டிவிட்டு, மேலே பென் டூலால் முடிந்த அளவு குறைந்த நோடுகளில் பிரதி எடுங்கள். அதன் பிறகு அந்த எழுத்தின் நகலை ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, எழுத்துரு வடிவமைத்தவர் நோடுகளை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். டிடிஎஃப் வகை எழுத்துருவில் இருபடி வளைவுகள் (நாம் வரைவதைவிட எளிய வகை வளைவுகள்) இருப்பதால் அதில் உங்களுடையதைவிட அதிக நோடுகள் தெரிவது இயல்பு. எண்ணிக்கையை விட்டுவிட்டு இடங்களைப் பாருங்கள். குழிவும் குவிவும் சுழியும் நேர்க்கோடும் ஒரே உருவத்தில் இருப்பதால் ‘ழ’ நல்ல தேர்வு. அது வசப்பட்டால் ‘ஐ’ எடுத்துக்கொள்ளுங்கள்.

மைத்துளி எழுதியது:

ஒண்ணு சேர்த்துக்கறேன், அடுத்து எக்ஸ்போர்ட்லதான் வந்து நிப்பீங்க. பிஎன்ஜி எடுக்கும்போது தானா வர்ற 96 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி) திரைக்கு மட்டும்தான். ஏ4 அளவு பக்கம் அதுல 794 × 1123 பிக்சல்தான் வரும். அச்சுக்குன்னா 300-ன்னு மாத்துங்க, 2480 × 3508 வரும். பிடிஎஃப் எடுக்குறீங்கன்னா நிழலுக்கு பிளர் (மங்கலாக்கல்) போட்ட இடங்களை மட்டும் ஒருதடவை பெருசாக்கிப் பாருங்க. பிளர் வெக்டரா போகாது, படப்புள்ளியா மாறித்தான் உள்ள போகும். கிளியோட வயிற்று நிழலுக்கு பிளருக்குப் பதிலா ஒரே நிறத்துல, ஒரு முனை ஒளிபுகுற கிரேடியன்ட் (படிப்படியா மாறுற நிறம்) போட்டாலே போதும்.