கொழும்புத் தொடர்மாடியா, புத்தூர் வளவா: குடும்பத்தோடு ஊர் திரும்புவது பற்றி

வினா
எழுதியவர்: வெள்ளவத்தைவாசி

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளர். மனைவி வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. மாதத்தில் நான்கு நாட்கள் அலுவலகத்துக்கு வந்தால் போதும், மற்ற நாட்களில் எங்கிருந்து வேலை செய்தாலும் சரி என்று நிறுவனம் இவ்வாண்டு அனுமதித்ததிலிருந்து, ஊருக்குப் போய்விடலாமா என்ற பேச்சுத்தான் வீட்டில் நடக்கிறது.

ஊர் என்று நான் சொல்வது மனைவியின் ஊரை. நான் பிறந்த கொக்குவில் வீடு தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது. மனைவியின் சீதன வீடு யாழ்ப்பாணத்துப் புத்தூரில் ஆறு பரப்பு வளவில் இருக்கிறது. அதில் மாமி தனியே வசிக்கிறார். எழுபத்திரண்டு வயதாகும் அவர் சென்ற ஆண்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்து, அயலவர் ஒருவர் கண்டு ஓட்டோவில் ஏற்றும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். கொழும்புக்கு அழைத்து வந்தால் மூன்றாம் நாளே தன்னைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். முற்றம் இல்லாத வீட்டில் விடிந்ததும் என்ன செய்வது என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகிறது. பிள்ளைகளுக்கு மொட்டை மாடியையும், ரயில் பாதையைக் கடந்தால் தெரியும் கடலையும் தவிர விளையாட இடமில்லை. ஆனாலும் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பழகியே சிங்களம் பேசக் கற்றுக்கொண்டாள். நல்ல வைத்தியர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். எனக்கு இந்த வேலை போனாலும் இன்னொன்றைத் தேடலாம். புத்தூரில் இவற்றுக்கு ஈடாக எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை, போய் இருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: நீர்வேலித் தோட்டக்காரன்

நான் தெஹிவளையிலிருந்து 2017 இல் திரும்பி வந்தவன். திரும்பியதற்காக வருந்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் நான் எழுதுவதைக் கொஞ்சம் கழித்துப் படியுங்கள்.

நீங்கள் வாடகை, பாடசாலை, வைத்தியர் எல்லாவற்றையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவது தண்ணீர், மாத முடிவில் வருவது பற்றுச்சீட்டு. இங்கே தண்ணீர் என்றால் உங்கள் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று பெயருள்ளதும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறும். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறே இதற்குச் சாட்சி: மேலே குடிக்கக்கூடிய நீர், ஆழத்தில் உப்பு. புத்தூரின் மேற்குப் பக்கத்தில், நிலாவரைத் திசையில், உங்கள் வளவு இருந்தால் நிலைமை ஒன்று. கிழக்கே கடனீரேரிப் பக்கமாக இருந்தால் வேறு.

உவரை நாக்கு காட்டிக் கொடுத்துவிடும், நைத்திரேற்றைக் காட்டாது. இது தோட்டக்காரனாகிய என்னுடைய குற்றமும்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்கும் நாங்கள் போடும் யூரியாவில் ஒரு பகுதி நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. அதோடு காணிகள் துண்டு துண்டாகி, இரண்டு பரப்புக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு மலக்குழி என்று ஆனபின், ஒருவர் வீட்டுக் குழிக்கும் அடுத்தவர் கிணற்றுக்கும் இடையில் வெடிப்பு விழுந்த கல்லைத் தவிர வேறு தடை இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பலர் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். கொதிக்க வைப்பதால் கிருமி சாகுமே தவிர நைத்திரேற்று குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே சாமான் கட்டுவதற்கு முன் கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

வேலை பற்றி ஒன்று. மாதம் நான்கு நாட்கள் என்பது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்துக்கு அப்பால் உள்ள நான்கு நாட்கள். நான்கையும் சேர்த்து எடுத்தால் இரண்டு இரவுப் பயணத்தோடு முடியும். கிழமைக்கு ஒன்றாகப் பிரித்தால் எட்டு இரவுகள் பேருந்தில் கழியும், அதை உங்கள் இடுப்பு இரண்டு மாதத்துக்குமேல் தாங்காது. இதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு ஒழுங்கைக்கு ஒழுங்கை வேறுபடும். பிரதான வீதியில் பைபர் இருக்கிறது என்பதற்காக உங்கள் படலை வரை வரும் என்று எண்ண வேண்டாம்.

செலவு குறையும் என்பது அரைவாசிதான் உண்மை. வாடகை இல்லை, தேங்காயும் முருங்கையும் வளவிலேயே கிடைக்கும், மரக்கறியை மருதனார்மடத்தில் வாங்கலாம். ஆனால் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்தவீட்டின் 31 ஆம் நாள் அந்தியேட்டி, கோயில் திருவிழாவில் உங்கள் பகுதியாரின் உபயம் என்று ஊர் தன் பங்கை வாங்காமல் விடாது. கொழும்பில் இருந்தபோது வராமல் விட்டதற்குச் சாட்டு இருந்தது. இனி அது இல்லை.

நான் ஏன் வருந்தவில்லை என்றால், பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐ இங்கே கழித்ததனால்தான். அந்த ஆண்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது; எரிவாயு சிலிண்டருக்கு விடிய முன்னரே வரிசை நின்றது. தெஹிவளையில் நாங்கள் முன்பு இருந்த அதே மாடியில் வசித்த நண்பர், மின்தூக்கி நின்றுபோன கட்டடத்தில், ஆறாம் தளத்துக்குத் தண்ணீர் சுமந்தார். விறகு கிடைத்தாலும் அங்கே எங்கே வைத்து எரிப்பது? எனக்கும் பெற்றோல் இல்லை, மோட்டரும் ஓடவில்லை. ஆனால் கிணற்றில் கப்பியும் வாளியும் இருந்தன, பனை மட்டையும் பொச்சுமட்டையும் ஊமலும் வளவு நிறையக் கிடந்தன. அந்த ஆண்டு எங்கள் அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை.

மறுமொழி 2
எழுதியவர்: முகிலினி

மேலே எழுதியவர் கிணற்றைப் பற்றி எழுதினார். கிணற்றில் யார் தண்ணீர் அள்ளினார் என்று எழுதவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. நாங்களும் கொட்டாஞ்சேனையிலிருந்து வடமராட்சிக்குப் போய் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுக் கொழும்புக்கே திரும்பியவர்கள் என்பதால், அந்தப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊருக்குப் போன முதல் மாதமே என் கணவரின் வேலை ஆறு மணியோடு முடிவதும், என்னுடையது இரவு பத்துக்கும் முடியாததும் தெளிவாகிவிட்டது. தொடர்மாடியில் இரண்டு அறையைக் கூட்டினால் போதும். அங்கே முற்றம், வீட்டின் பின்கோடி, கிணற்றடி, வேலியோரம் எல்லாம் கூட்ட வேண்டும். முதியவர் ஒருவரைப் பார்ப்பதற்காகக் குடும்பம் திரும்புகிறது என்றால், பார்க்கப்போவது யார் என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். கொழும்பில் செய்த அதே வேலையை யாழ் நகரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு ஏறக்குறைய அரைச் சம்பளத்துக்குத்தான் தந்தார்கள். உங்கள் மனைவியின் வேலை வீட்டிலிருந்து செய்வது என்பதால் அவ்வகையில் தப்பினார். ஆனால் வீட்டில் இருந்து கணினியில் செய்யும் வேலையை ஊர் வேலையாக எடுப்பதில்லை. மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு வருபவரிடம் பிறகு வாருங்கள் என்று ஒரு பெண் சொல்ல முடியாது.

"என்ன பிள்ளை, அவருக்கு அங்கை வேலை போட்டுதோ?" என்று ஒழுங்கையில் என்னை மறித்துக் கேட்டவர்களின் எண்ணிக்கையை நான் விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாதது உங்களுக்கு ஒரு குறையாகப் படலாம். மூன்று ஆண்டு ஊரில் இருந்துவிட்டு வந்த எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருக்கிறது.

அதே ஊர்தான் நான் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும், கேட்காமலே, மூன்று வீட்டிலிருந்து முறை வைத்துச் சோறு அனுப்பியது. இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இங்கே கொட்டாஞ்சேனையில் எனக்கு அது நடக்காது.

மறுமொழி 3
எழுதியவர்: காரைநகர் வாத்தியார்

தம்பி, நான் 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவன். 1995 ஐப்பசியில், இராணுவம் முன்னேறி வந்தபோது, ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நடந்து தென்மராட்சிக்குப் போனவன். எங்கள் தலைமுறையில் நகரமா ஊரா என்ற கேள்வியை நாங்கள் இருந்து யோசிக்கவில்லை. எது தப்ப விடும் என்பதைப் பார்த்து ஓடினோம். உங்களுக்கு இருந்து யோசிக்க நேரம் கிடைத்திருப்பதே எனக்குச் சந்தோசம்.

ஆனால் நீங்கள் இதை இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் கணக்காக எடுத்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து ஊர் எப்போதாவது தனியே தன் காலில் நின்றதா என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் காரைநகராரும் புங்குடுதீவாரும் தென்னிலங்கைப் பட்டினங்களில் கடை வைத்தார்கள். மற்ற ஊரார் அரசாங்க உத்தியோகம் பார்த்தார்கள், மலாயாவுக்குப் போனார்கள். மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள், காசுக் கட்டளை மாதாமாதம் வந்தது, அதில் கல்வீடும் கோயில் கோபுரமும் எழும்பின. இப்போது காசு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிறது; வித்தியாசம் என்னவென்றால் மனைவி மக்களும் அங்கே போய்விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் பூட்டிய வீடுகளுக்குப் புதிய வர்ணம் பூசியிருக்கிறது, உள்ளே வௌவால் இருக்கிறது. சம்பளம் பட்டினத்திலும் குடும்பம் ஊரிலுமாக ஒரே வீடு இரண்டு இடத்தில் நிற்பதுதான் எங்கள் பழைய வழக்கம். உங்கள் நிறுவனம் தந்த அனுமதி, முன்பு வருடத்தில் இரண்டு தரம் லீவில் வந்து போன கிளாக்கருக்குக் கிடைக்காத ஒன்று: சம்பளமும் பட்டினத்தில், ஆளும் ஊரில்.

பிள்ளைகளின் படிப்பு பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். இந்தக் குடாநாட்டில் படிப்பு நகரத்தில் மட்டும் இருந்ததில்லை. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் செமினரியைத் தொடங்கியது வட்டுக்கோட்டையில். வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தது மானிப்பாயில். யூனியன், மகாஜனாக் கல்லூரிகள் தெல்லிப்பழையில், ஹாட்லிக் கல்லூரி பருத்தித்துறையில். நான் பயப்படுவது பாடசாலைக்கு அல்ல, பாடசாலை முடிந்தபின் நடப்பதற்கு. மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு வரும் வயது. நல்ல பெறுபேறு எடுத்தால் நகரத்துப் பாடசாலைக்கு மாற்ற வேண்டும் என்று சுற்றியுள்ள எல்லோரும் சொல்வார்கள், பிறகு அந்தப் பிள்ளை காலையில் பேருந்திலும் மாலையில் ரியூசன் கொட்டிலிலும்தான் வளரும். முற்றத்தில் விளையாடுவதற்காக ஊருக்குக் கொண்டு வந்த பிள்ளை முற்றத்தைக் காண்பது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் என்றால், அதை அவளிடமே கேட்டு முடிவெடுங்கள். சிங்களம் போய்விடும், அது நட்டம்தான்.

வைத்தியத்துக்குப் பெரிய குறை இல்லை. போதனா வைத்தியசாலை நகரத்தில் இருக்கிறது, தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவும் உண்டு. மாமிக்கு நடுச்சாமத்தில் ஒன்று நடந்தால் புத்தூரிலிருந்து கொண்டுபோகலாம். என் வயதில் காரைநகரில் இருப்பவன் பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

வினா எழுப்பியவரின் பதில்
எழுதியவர்: வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் நன்றி. மனைவி மூன்றையும் படித்தார். முகிலினி எழுதியதை இரண்டு தரம் படித்துவிட்டு, கிணற்றடியையும் மாமியின் மருந்துகளையும் நானே பார்ப்பதென்றால் மட்டும் மேலே பேசலாம் என்று சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டிருக்கிறேன். மகளைக் கேட்டோம், அவள் ஆட்டுக்குட்டி உண்டா என்று மட்டும் கேட்டாள்.

பாடசாலையை மாற்றுவதற்கு முன், வரும் ஆவணி விடுமுறையோடு நான்கு கிழமைகள் புத்தூரில் இருந்து பார்ப்பதாக உத்தேசம். அதற்குள் நிறுவனத்திடம் நான்கு நாட்களையும் சேர்த்து எடுப்பதற்குக் கடிதம் கேட்டிருக்கிறேன். நீர்வேலி அண்ணைக்கு ஒரு கேள்வி: தண்ணீரை ஆவணியில் கொடுத்தால் போதுமா, அல்லது மாரியில் கொடுக்க வேண்டுமா?

மறுமொழி 4
எழுதியவர்: நீர்வேலித் தோட்டக்காரன்

இரண்டு தரமும் கொடுங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றி அடியில் நிற்கும். உவர் இருந்தால் அப்போது தெரியும். முதல் மழை பெய்து இரண்டு மூன்று கிழமைக்குப் பின் இன்னொரு போத்தல் எடுங்கள். தோட்டத்தில் நாங்கள் போட்ட உரம் கரைந்து இறங்குவது அப்போதுதான். மார்கழியில் வந்து பார்த்தால் ஊர் முழுவதும் பச்சையாக, கிணறு கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். அந்தக் காட்சியைப் பார்த்து முடிவெடுத்து வந்தவன் நான், முதல் கோடையில் கயிறு போதாமல் போனது.

முகிலினிக்கு: தண்ணீர் அள்ளியது பெரும்பாலும் என் மனைவிதான். நீங்கள் கேட்டது சரி.