மறு: மறு: அமெலோபிளாஸ்டோமாவுக்கு (தாடை எலும்புல வர்ற ஒரு கட்டி) தமிழ்ல என்ன சொல்லலாம்?

> பற்சிப்பிப் புற்றுனு போட்டா எல்லாருக்கும் புரியும்

ஐயா வணக்கம். புற்று மட்டும் வேணாம்ங்க. இது கேன்சர் இல்ல, வேற உறுப்புக்குப் பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா இருக்கிற இடத்துலயே தாடை எலும்ப அரிச்சுட்டே போகும், சும்மா சுரண்டி எடுத்தா திரும்ப வந்துடும், அதனால பல சமயம் சுத்தி இருக்கிற நல்ல எலும்பையும் கொஞ்சம் சேத்துதான் வெட்டுறாங்க. ரிப்போர்ட்ல புற்றுனு இருந்தா நோயாளி மேற்கொண்டு ஒரு வரி படிக்க மாட்டார்.

பற்சிப்பினா எனாமல், வெறும் பற்சிப்பிக் கட்டினு வச்சாலும் இடிக்குது. இந்தக் கட்டி எனாமல் பண்றதே இல்ல. எனாமல் பண்ற உயிரணு (செல்) மாதிரி மைக்ராஸ்கோப்ல தெரியும், ஓரத்துல வரிசையா நிக்கிற உயிரணுக்கள்ல நியூக்ளியஸ் அடிச்சவ்வ (அந்த வரிசைக்கு அடியில இருக்கிற மெல்லிய படலம்) விட்டு எதிர்ப்பக்கம் தள்ளி இருக்கும், அவ்ளோதான். அதான் எக்ஸ்ரேல கருப்பா, பெரும்பாலும் கீழ்த்தாடை கடைவாய்ப் பக்கம், சோப்பு நுரை கணக்கா அறை அறையா விழுது. நெசமா எனாமல் இருக்கிறது ஓடோன்டோமாங்கிற வேற கட்டில, அது வெள்ளையா, சிலதுல குட்டிக் குட்டி பல்லாவே தெரியும். ரெண்டையும் குழப்பிக்க நாமளே வழி பண்ணக் கூடாது.

அமெலோபிளாஸ்ட் (எனாமல் பண்ற அந்த உயிரணு) = சிப்பியரும்பு, அதுல வர்றது சிப்பியரும்புக் கட்டி. சரியா?

---

> சிப்பியரும்புக் கட்டி

அரும்பு பிடிச்சிருக்கு, ஆனா பல் எங்க போச்சு? வெறும் சிப்பினா கடல்ல கெடக்கிறது தான் ஞாபகம் வருது. பல்லரும்புக் கட்டி?

---

பல்லரும்புனா முழு பல்லோட மொட்டு ஆயிடும்ங்க, பல் திசுல வர்ற எல்லா கட்டியும் அதுல அடங்கிடும். நீளமானாலும் பற்சிப்பியரும்புக் கட்டினே வச்சுக்கலாம்.

இன்னொண்ணு, கட்டி (ட்யூமர்) வேற பை (சிஸ்ட்) வேறனு இப்பவே பிரிச்சுடணும். அமெலோபிளாஸ்டோமால ஒற்றைப்பை வகைனு ஒண்ணு இருக்கு, சின்ன வயசுல, முளைக்காத கடைவாய்ப்பல்ல சுத்தி ஒரே கருப்பு வட்டமா வரும், படத்த வச்சு மட்டும் சாதாரண பல்சூழ் பைல (முளைக்காத பல்லச் சுத்தி வர்ற சிஸ்ட்) இருந்து பிரிக்கவே முடியாது, பயாப்ஸில எடுத்த சின்னத் துண்டுலயும் சிக்காம போகலாம், எடுத்த பை முழுசையும் பாத்தா தான் உறுதி. கெரட்டின் பைய (தாடைல வர்ற இன்னொரு வகை சிஸ்ட்) உலக சுகாதார நிறுவனமே 2005ல கட்டினு மாத்திட்டு 2017ல மறுபடி பைல சேத்துச்சு, அதனால அதுக்கு கெரட்டின் பைனே இருக்கட்டும். நீர்க்கட்டிங்கிற சொல்ல நம்ம கலைச்சொல் பட்டியல்ல எங்கயும் விட வேணாம், அதுல பையும் கட்டியும் ஒண்ணாயிடுது.

பிண்ட்போர்க் கட்டிக்கு (பல் திசுல வர்ற இன்னொரு கட்டி) பேர மாத்த வேணாம்னு நெனைக்கிறேன், வேற யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க.