வெள்ளவத்தை மாடிவீட்டுக் குழு: ஒரு பைக்குள்ள பதினொரு குளிசை

3பி அக்கா, இரவு 7.12
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு (74 வயசு, 46 கிலோ) ரெண்டு நாளாக் காய்ச்சல், சளி, இருமல். பின்னேரம் தனியார் டொக்டர் ஒருத்தரைச் சனல் பண்ணிக் (நேரம் பதிஞ்சு) காட்டினது, மூண்டு மருந்து தந்திருக்கினம். கிளினிக் மருந்து ஏற்கெனவே ஏழு. எல்லாத்தையும் ஒண்டாக் குடுக்கலாமோ?

5ஏ பாமசி தம்பி, 7.15
பேர் தெரியாமல் சொல்ல ஏலாது அக்கா. அட்டையின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ. கொம்பனி வச்ச பேர் பெரிய எழுத்தில இருக்கும், மருந்தின்ர சொந்தப் பேர் கீழ சின்ன எழுத்தில. அந்தச் சின்ன எழுத்தும் மில்லிகிராமும்தான் வேணும். கிளினிக் குளிசை கடதாசிக் கவரில உதிரியா வந்திருந்தா கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதுங்கோ.

6சி டொக்டர் அன்ரி, 7.16
அலுமாரி, கைப்பை, தலைமாடு எல்லாம் பார். வேற டொக்டர் தந்தது, கடையில வாங்கினது, கசாயம், விற்றமின் ஒண்டும் விடாதை.

3பி அக்கா, 7.34
கிளினிக்: லொசாட்டன் 50 காலை-இரவு, அம்லோடிபின் 10 காலை (ரெண்டும் பிரஷருக்கு), ஃபுரூசமைட் 40 காலை, அட்டோவஸ்டட்டின் 40 இரவு (கொலஸ்ட்ரோலுக்கு), மெட்ஃபோமின் 500 மூண்டு வேளை, கிளிக்கிளசைட் 80 காலை-இரவு (ரெண்டும் சீனிக்கு), அஸ்பிரின் 75 மத்தியானம் (ரத்தம் கட்டாமல் இருக்க).
இண்டைக்குத் தந்தது: கிளரித்ரோமைசின் 500 காலை-இரவு 7 நாள் (அன்டிபயோட்டிக்), டைக்குளோஃபெனக் 50 காலை-இரவு (முழங்கால் நோவையும் சொன்னவ), பிரிட்டன் (சளிக்குத் தாற குளோர்ஃபெனிரமின்) இரவில ஒண்டு.
தேடினதில அகப்பட்டது: லொசாட்டன் 50 + ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 சேர்ந்த குளிசை. போன மாசம் வேற டொக்டர் பிரஷர் கூட எண்டு எழுதினது, காலமை ஒண்டு போடுறாவாம்.
மொத்தம் பதினொண்டு. இண்டைக்குத் தந்ததில ஒண்டும் இன்னும் போடேல்லை.

5ஏ பாமசி தம்பி, 7.38
கடைசியா அகப்பட்டதுதான் எனக்கு முதல்ல கண்ணில குத்துது. பிரஷருக்கு லொசாட்டன் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல இல்லை. கிளினிக்கால 100, இந்தக் குளிசையால 50, அம்மா 150 போட்டுக்கொண்டிருக்கிறா. அதோட ஹைட்ரோகுளோரோதயசைட்டும் ஃபுரூசமைட்டும் ரெண்டுமே சலத்தைக் கூட்டி உப்பை வெளியேத்திறது. அந்த டொக்டருக்குக் கிளினிக் கொப்பியைக் காட்டியிருக்க மாட்டியள்.

3பி அக்கா, 7.39
இல்லைத் தம்பி, பிரஷர் குளிசை போடுறா எண்டு மட்டும்தான் சொன்னது 😔

6சி டொக்டர் அன்ரி, 7.45
சரி, இப்ப இண்டைய இரவைப் பார்ப்பம். கிளரித்ரோமைசினைத் தொடங்காதை. தந்த டொக்டர் அங்க 9 மணி வரைக்கும் இருப்பார், போன் எடு. ஏன் எண்டு சொல்லுறன், அப்பிடியே அவருக்கு வாசிச்சுக் காட்டு.

ஈரலில சி.வை.பி. 3ஏ4 எண்டு ஒரு நொதியம் இருக்கு. நாங்கள் போடுற கனக்க மருந்தை உடைச்சுக் கழிக்கிறது அதுதான். கிளரித்ரோமைசின் அதைப் பூட்டிப்போடும். அட்டோவஸ்டட்டின் கழியாமல் ரத்தத்தில ஏறும். ஏறினா தசை கரையத் தொடங்கும்: துடையிலயும் தோளிலயும் நோ, படி ஏற ஏலாமை, சலம் பிளேன்டீ நிறம். கரைஞ்ச தசை சிறுநீரகத்தை அடைக்கும். கிளரித்ரோ போடுற நாளில அட்டோவஸ்டட்டின் 20க்கு மேல கூடாது, அம்மா போடுறது 40. கட்டாயம் கிளரித்ரோதான் வேணுமெண்டால் அந்த 7 நாளும் அட்டோவஸ்டட்டினை நிப்பாட்டச் சொல்லுவினம், ஒரு கிழமை விட்டால் ஒண்டும் குடி முழுகாது. அதே வகைக் கொலஸ்ட்ரோல் குளிசை சிம்வஸ்டட்டின் எண்டால் கதையே இல்லை, ரெண்டும் சேரவே கூடாது.

அம்லோடிபினும் அதே நொதியத்தாலதான் கழியுது. பிரஷர் திடீரெண்டு இறங்கி, இரவில கக்கூசுக்கு எழும்பேக்க விழுவா. கிளிக்கிளசைட்டோட சேர்ந்தால் சீனியும் இறங்கலாம், காய்ச்சலில சாப்பாடு குறைஞ்ச ஆளுக்கு இன்னும் கெதியா.

4டி அங்கிள், 7.48
அப்ப அன்டிபயோட்டிக் எல்லாமே இப்பிடித்தானோ?

5ஏ பாமசி தம்பி, 7.56
இல்லை அங்கிள், ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சண்டை. எரித்ரோமைசின் கிளரித்ரோ மாதிரித்தான். அசித்ரோமைசின் அந்த நொதியத்தைப் பெரிசாத் தொடாது, ஆனால் இருதயத் துடிப்புக் குழம்பிற ஆக்களுக்கு யோசிச்சுத்தான் குடுக்கவேணும். அமொக்சிசிலினுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, பெனிசிலின் ஒவ்வாமை இருக்கோ எண்டு மட்டும் கேக்கவேணும்.
சிப்ரோஃப்ளொக்சசின் வேற மாதிரி. பால், கல்சியம், இரும்புக் குளிசை, வயித்தெரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி, இதுகளோட சேர்ந்து போட்டால் வயித்துக்குள்ளயே ஒட்டிக்கொண்டு ரத்தத்துக்குப் போகாது. ரெண்டு மணித்தியாலம் முந்திப் போடவேணும், இல்லாட்டி ஆறு மணித்தியாலம் பிந்தி. முட்டுக்கு (ஆஸ்மாவுக்கு) தியோஃபிலின் போடுறவைக்கு சிப்ரோ குடுத்தால் தியோஃபிலின் ஏறி நெஞ்சு படபடப்பு, சத்தி, வலிப்பு வரைக்கும் போகும்.
ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுறவை மெட்ரோனிடசோல், கோட்ரிமொக்சசோல், ஃப்ளுகொனசோல் எண்ட கிருமி, பங்கசு மருந்து மூண்டுக்கும் பயப்பிடவேணும். வாய்ப்புண்ணுக்குப் பூசுற மைகொனசோல் ஜெல்லுக்கும்தான். பூச்சுத்தானே எண்டு நினைக்கினம், அதாலயே ஐ.என்.ஆர். (ரத்தம் உறையப் பிந்திறதைக் காட்டுற அளவு) ஏறி ரத்தம் கசியும்.

2ஏ நர்ஸ் அக்கா, 8.01
டைக்குளோஃபெனக்கை ஒருத்தரும் கதைக்கேல்லையே? எனக்கு அதுதான் கூடப் பயம்.

6சி டொக்டர் அன்ரி, 8.08
வாறன் வாறன், ரைப் பண்ண வேணுமெல்லே 😄
சிறுநீரகத்துக்குள்ள ரத்தம் போற குழாய் ஒண்டு, வெளிய வாற குழாய் ஒண்டு. போற குழாயை விரிச்சு வச்சிருக்கிற பொருளை டைக்குளோஃபெனக் நிப்பாட்டும், குழாய் ஒடுங்கும். வாற குழாயை இறுக்கி உள்ள அமுக்கம் காக்கிறதை லொசாட்டன் தளர்த்தும். ஃபுரூசமைட் உடம்பில தண்ணியையே குறைக்கும். உள்ள வரத்துக் குறைவு, அமுக்கமும் இல்லை, சிறுநீரகம் வடிக்கிறதை நிப்பாட்டும். காய்ச்சலும் தண்ணி குடியாமையும் சேர்ந்தால் சில நாளிலயே கிரியற்றினின் (சிறுநீரகம் வடிக்காட்டி ரத்தத்தில தேங்கிற கழிவு) ஏறும். அஸ்பிரினோட சேர்ந்து இரைப்பையில புண்ணும் வரலாம்: வெளிக்குத் தார் மாதிரிக் கறுப்பாப் போனால் உடன ஆஸ்பத்திரி.

ரெண்டாவது, கொழும்பில ரெண்டு நாள் காய்ச்சல் எண்டால் டெங்கு இல்லை எண்டு காட்டும் வரைக்கும் டெங்குதான். டைக்குளோஃபெனக், ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அசிட் ஒண்டும் வேண்டாம், பின்வழியால வைக்கிற டைக்குளோவும் வேண்டாம். மூண்டாம் நாள், அதாவது நாளைக்கு, எஃப்.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணிற சோதனை) எடு. தட்டணு குறைவு எண்டு வந்தால் அஸ்பிரினைத் தொடரவோ எண்டு கேள்.

3பி அக்கா, 8.10
அப்ப காய்ச்சலுக்கும் முழங்காலுக்கும் என்ன குடுக்க?

2ஏ நர்ஸ் அக்கா, 8.14
பனடோல்தான். அம்பது கிலோவுக்கு மேல உள்ள ஆளுக்கு ரெண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு எட்டுக்கு மேல இல்லை. அம்மா 46 கிலோ, ஒண்டு ஒண்டாக் குடுங்கோ, நாளைக்கு நாலு. தடிமனுக்குச் சுடுதண்ணியில கரைக்கிற பக்கற் இருந்தால் அதிலயும் பரசிற்றமோல் இருக்கு, கணக்கில சேர்க்கவேணும். முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் போதும்.
பிரிட்டனைச் சும்மா விடுங்கோ. வயசாளியளுக்கு மயக்கமும் மறதியும் தந்து விழுத்தும். புரஸ்டேட் வீக்கம் இருக்கிற ஆம்பிளையளுக்குச் சலம் அடைச்சுப்போடும். அங்கிள், உங்களுக்கும்தான் சொல்லுறன் 😅

4டி அங்கிள், 8.16
👀 விளங்குது.

3பி அக்கா, 8.19
இன்னொண்டு. ஃபுரூசமைட் கால் வீக்கத்துக்குத்தான் தந்தது, இன்னும் வத்தேல்லை.

5ஏ பாமசி தம்பி, 8.24
வத்தாது அக்கா. அம்லோடிபின் 10 எண்டால் கணுக்கால் வீங்கிறது சர்வசாதாரணம். அது உடம்பில தண்ணி கூடினதால வாற வீக்கமில்லை, சின்னக் குழாய்கள் விரிஞ்சு ரத்தத்தின்ர நீர் வெளிய கசியிறது. சலத்தைக் கூட்டி அதை வத்தப்பண்ண ஏலாது. ஒரு மருந்தின்ர பக்கவிளைவை வருத்தம் எண்டு நினைச்சு இன்னொரு மருந்து, அதால சோடியம் குறைஞ்சு தலைச்சுத்து, தலைச்சுத்துக்கு இன்னொண்டு... இப்பிடித்தான் பை வீங்கும். இருதயம், சிறுநீரகம் சரியெண்டால் அம்லோடிபினை 5 ஆக்கலாமோ எண்டு கிளினிக்கில கேளுங்கோ. நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

4டி அங்கிள், 8.27
*பலமுறை அனுப்பப்பட்டது*
"சீனி வருத்தத்துக்கு இனிக் குளிசை வேண்டாம்! கொத்தலஹிம்புட்டு மூலிகைக் கொடியின் மரக் கோப்பையில இரவு தண்ணி ஊத்தி வச்சுக் காலமை குடித்தால் 21 நாளில்..."

6சி டொக்டர் அன்ரி, 8.33
அண்ணை, அது வெறும் கட்டுக்கதை இல்லை. கொத்தலஹிம்புட்டு மாச்சத்தைச் சீனியா உடைக்கிற நொதியத்தை மெதுவாக்கும். அதாலதான் ஆபத்து. கிளிக்கிளசைட் போடுறவை மேலதிகமா இதையும் குடிச்சால் சீனி விழும். விழுந்தால் தேத்தண்ணிச் சீனியும் கெதியா உடையாது, குளுக்கோஸ்தான் குடுக்கவேணும். குளிசையை நிப்பாட்டிப்போட்டு இதைக் குடிக்கிறது அதைவிட மோசம்.

எல்லாரும் குறிச்சு வையுங்கோ. வேர்வை, கை நடுக்கம், குழப்பக் கதை: குத்திப் பாருங்கோ. 70க்குக் கீழ எண்டால் குளுக்கோஸ் மூண்டு தேக்கரண்டி தண்ணியில, 15 நிமிசத்தால திரும்பக் குத்திறது, ஏறாட்டி இன்னொருக்கா. ஏறினாப் பிறகு பாண் இல்லாட்டி பிஸ்கற். கிளிக்கிளசைட் கனநேரம் நிக்கும், ஒருக்கா ஏறினது எண்டு நித்திரைக்கு விடாதேங்கோ. நினைவில்லாத ஆளுக்கு வாயால ஒண்டும் ஊத்தாமல் 1990 (அம்புலன்ஸ்) அடியுங்கோ.

2ஏ நர்ஸ் அக்கா, 8.37
அம்மாக்குச் சத்தியோ வயித்தோட்டமோ வந்தால் மெட்ஃபோமின், லொசாட்டன், ஃபுரூசமைட் மூண்டையும் வழமை போலச் சாப்பிட்டுக் குடிச்சு ஒரு நாள் ஆகும் வரைக்கும் நிப்பாட்டவேணுமோ எண்டு டொக்டரிட்டக் கேட்டு எழுதி வையுங்கோ. தண்ணி வத்தின உடம்பில மெட்ஃபோமின் தேங்கினால் ரத்தத்தில அமிலம் ஏறும். இன்சுலின் போடுற ஆக்கள் மட்டும் முழுசா நிப்பாட்டப்படாது.

3பி அக்கா, 9.04
கதைச்சாச்சு. டொக்டர் கோவிக்கேல்லை, முழு லிஸ்ட்டையும் வாசிக்கச் சொன்னவர். கிளரித்ரோவுக்குப் பதிலா அமொக்சிசிலின் 500 மூண்டு வேளை, பெனிசிலின் ஒவ்வாமை கேட்டவர், இல்லை. டைக்குளோவும் பிரிட்டனும் வேண்டாம். சேர்ந்த லொசாட்டன் குளிசையை நிப்பாட்டிக் கிளினிக் லொசாட்டனை மட்டும் தொடரட்டாம். நாளைக்கு எஃப்.பி.சி.யோட கிரியற்றினின், சோடியம், பொட்டாசியமும்.

5ஏ பாமசி தம்பி, 9.07
பொட்டாசியம் கேட்டது நல்லது. லொசாட்டன் அதை உடம்பில தேக்கி வைக்கிற மருந்து, அம்மா ஒண்டரைப் பங்கு போட்டிருக்கிறா. நிப்பாட்டின அட்டையை பையால எடுத்து வேற இடத்தில வையுங்கோ, எறிய வேண்டாம், கிளினிக்கில காட்டவேணும்.

3பி அக்கா, 9.09
அம்மா கேக்கிறா, காய்ச்சலுக்கெண்டு தெம்பிலி (செவ்விளநி) ஆறு வாங்கினது, குடிக்கலாமோ?

6சி டொக்டர் அன்ரி, 9.11
பொட்டாசியம் ரிப்போட் வரும் வரைக்கும் வேண்டாம். தெம்பிலியில அது நிறைய. கஞ்சித் தண்ணி குடு.

3பி அக்கா, 9.12
அப்ப ஆறையும் என்ன செய்ய?

4டி அங்கிள், 9.12
நான் லிஃப்டில நிக்கிறன்.

2ஏ நர்ஸ் அக்கா, 9.13
அங்கிள், நீங்கள் போடுறதும் லொசாட்டன்தானே?

4டி அங்கிள், 9.15
பேரப்பிள்ளையளுக்கு.